வந்தவர்க்கெல்லாம் பரிசிலா?

ஆண்டின் முதலாந் தவணையிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறுவது வழக்கம். மானிப்பாயிலும் அவ்வாறே. இல்லங்களின் வர்ணக்கொடிகள் கட்டப்படும். சுண்ணாம்பினால் ஓடுபாதை கீறப்படும். பனையோலைப் பந்தலின் கீழ்ப் பெற்றார் வந்து அமர்வர். மாலையில் மேடையிலே வெற்றிக்கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். முதலாமிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் பெற்ற பிள்ளைகள் மேடையேறிக் கைதட்டலுடன் இறங்குவர். ஏனையோர் காலிற் படிந்த செம்மண்ணோடு வீடு செல்வர். அவ்வாறு செல்லும் பிள்ளைகளே தொகையில் மிகுதி.

இப் பெருந்தொகையினரை எண்ணி, அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழக்கம் பரவியிருக்கின்றது. போட்டியிற் பங்குபற்றிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்றிதழோ சிறு பதக்கமோ வழங்குவதே அது. பிஞ்சு உள்ளம் வாடாதிருக்க இது வேண்டும் என்பர் ஒரு சாரார். வந்தவர்க்கெல்லாம் பரிசென்றால் வென்றவர்க்கு என்ன மதிப்பு, முயல்வதற்கு என்ன தூண்டுதல் என்பர் மறுசாரார். இரு திறத்தாரும் இதனை இக்காலத்து வழக்காகவே கொள்கின்றனர். ஆயின் பங்குபற்றியமைக்காகவே பிள்ளைக்கு ஒன்றைக் கொடுக்கலாமா என்னும் வினா மானிப்பாய்ப் பகுதிக்குப் புதியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இவ்வூரிலும் அயலூர்களிலும் அது செயலளவிற் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனையின் வரலாறு இன்றைய வழக்குக்கு நல்ல சாட்சியாகும்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு ஆகிய இடங்களை அடுத்து, 1821 இல் மானிப்பாயிலும் அவர்களது நிலையம் அமைந்தது. ஊர்தோறும் இலவசப் பள்ளிகளைத் திறந்தார்கள். ஆண்பிள்ளைகள் ஓரளவுக்கு வந்தனர். பெண்பிள்ளைகள் வருவதோ அரிதாயிருந்தது. எழுத்துக் கற்ற பெண்ணை யார் மணப்பார் என்ற அச்சம் ஒருபுறம்; பிற மதத்தார் வீட்டில் உண்டால் குலவழக்கம் கெடுமே என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டு அச்சங்களையும் மீறி ஒரு தாய் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால், அதற்கு ஏதேனும் ஓர் ஈடு வேண்டியிருந்தது.

அவ் ஈட்டை மிசனார் கொடுத்தனர். 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதனை நடத்தினார். அங்கு சேர்ந்த பிள்ளைக்கு உணவு இலவசம், உடை இலவசம், படிப்பும் இலவசம். படிப்பை நிறைவு செய்து மணம் முடிக்கும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் மிசனால் வழங்கப்பட்டது. சீதனமின்றித் திருமணம் நிகழாத யாழ்ப்பாணத்திலே அதன் பெறுமதியைச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளர் விரும்பினால், தாம் தாங்கும் பிள்ளைக்குத் தமது குடும்பப் பெயரையே சூட்டச் செய்யலாம். இப்படி முகமறியாத அந்நியரின் பெயரைத் தாங்கிப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்பிள்ளைகள் உணவும் உடையும் பெற்றது திறமைக்காக அன்று. வந்ததற்காகவும் வந்தபின் விலகாது நின்றதற்காகவுமே பெற்றனர். இன்றைய சொல்லிற் கூறினால், பங்குபற்றியமைக்கான பரிசிலே அது. அதன் பயன் யாது? ஒரு தலைமுறை கழிவதற்குள் படித்த தாய்மார் தோன்றினர். அத்தாய்மாரின் பெண்மக்கள் கேளாமலே பள்ளிக்கு வந்தனர். 1840 இல் உடுவிலுக்கு வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலம் அப்பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ அம்மையார், தாயகம் ஒருமுறையேனும் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து 1883 இல் மானிப்பாயிற் காலமானார். முதலிற் கற்பித்த மாணவிகளின் பெண்மக்களையும் பின்னர் அவர்களின் பெண்மக்களையும் அவர் படிப்பித்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைப் போற்றினர். தொடக்கத்தில் ஈடு கொடுத்து அழைக்கவேண்டியிருந்த கல்விக்கு, பின்னாளிற் பெற்றார் தாமே கட்டணம் செலுத்தினர்.

ஆகவே, வந்ததற்குக் கொடுப்பது எப்பொழுதும் வீண் என்று கூறுவார்க்கு உடுவில் ஒரு மறுப்பாக நிற்கின்றது. வாயில் அடைபட்டிருக்கும் காலத்தில், வாயிலைக் கடப்பதே ஒரு செயல். அதற்குக் கைகொடுப்பது அறம்.

ஆயின் அதே வரலாற்றுக்கு வேறொரு பக்கமும் உண்டு. 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்காகச் செமினரி தொடங்கப்பட்டபோது அங்கும் ஊணும் உறையுளும் இலவசமாகவே இருந்தன. சில ஆண்டுகளுள் ஆங்கிலக் கல்வியின் பயன் நாட்டாருக்கு விளங்கிவிட்டது. அரசாங்க உத்தியோகத்துக்கு அதுவே திறவுகோல் என்று கண்ட பெற்றார், தம் பிள்ளைகளுக்கு இடந்தருமாறு வேண்டிநின்றனர். வாயில் திறந்துவிட்டது, எனினும் அழைப்பதற்காக ஏற்படுத்திய கொடை சிலகாலம் அப்படியே தொடர்ந்தது. மாணாக்கரும் கொடுப்பவர் கருதிய பயனுக்காக வராமல், தாம் கருதிய பயனுக்காகவே வந்தனர். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சன் குழுவினர் இந்நிலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. மூடியதற்குக் காரணங்கள் பல. ஆங்கிலமா தாய்மொழியா என்ற வினாவும் அவற்றுள் ஒன்று. ஆயினும், கொடையால் ஆளைச் சேர்க்கலாம், கொடையால் உள்ளத்தைச் சேர்க்க இயலாது என்ற பாடத்தை மிசனார் அன்று கற்றனர். பின்னர் 1872 இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, அதனை வேண்டி முன்னின்றோருள் செமினரியிற் படித்த தமிழரே முக்கியமானவர்.

இதே காலத்தில் சைவ மக்களிடையே வேறொரு முறையிற் கொடை நிகழ்ந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அமெரிக்கப் பணம் அவருக்கு இல்லை. ஊரார் வீடுகளில் உலையிடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்கு உதவிய பிடியரிசி முறையை யாழ்ப்பாணம் இன்றும் நினைவுகூர்கின்றது. அப்பிடியரிசியிற் பரிசில் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. பிள்ளை முதலாவதாக வந்தாலென்ன, கடைசியாக வந்தாலென்ன, அவன் படிப்புக்கு வேண்டியதை ஊர் கொடுத்தது. அதனைப் பெற்றவன் பெருமிதங் கொள்ளவுமில்லை, நாணமடையவுமில்லை.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கடலுக்கு அப்பால் ஒருமுறை நோக்குவது பொருந்தும். உடுவில் விடுதி தொடங்குவதற்கு முந்திய ஆண்டாகிய 1823 இல், சென்னை மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி அரசாங்கம் விசாரணை நடத்தியது. பல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த கேம்பெல் என்பவர் தம் அறிக்கையில் அங்குள்ள பள்ளிகளின் வழக்கம் ஒன்றை எழுதியுள்ளார். காலையில் முதலாவதாக வந்த பிள்ளையின் உள்ளங்கையிற் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். அது மரியாதை. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி எழுதப்படும். அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாவது பிள்ளைக்கு மெதுவாக ஓர் அடி, நான்காவதற்கு இரண்டு, அதன்பின் வரும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடி கூடும்.

இம்முறையின் விளைவை எண்ணிப் பார்க்கலாம். வருகை என்பது எல்லாரும் செய்யக்கூடிய செயல். அதனையும் ஒரு போட்டியாக்கி, ஒருவனுக்குச் சரஸ்வதியையும் மற்றவர்க்குப் பிரம்பையும் கொடுத்தது அப்பள்ளி. இருபதாவதாக வரும் பிள்ளை நெடுந்தூரம் நடந்து வருபவனாயிருக்கலாம். தாய்க்கு உதவிவிட்டு வருபவனாயிருக்கலாம். கையிலே விழும் அடிக்கு அது தெரியாது. ஒருவர்க்கே பரிசு என்ற கொள்கையும் அதன் எல்லையைக் கடந்தால் எங்கே சென்று முடியும் என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் அரசாங்கமே கணக்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1862 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பள்ளிக்குரிய நன்கொடை இருவகையாகப் பிரிக்கப்பட்டது. சராசரி வரவுக்கு ஒரு பிள்ளைக்கு நான்கு சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் மேலும் எட்டுச் சிலிங். பெறுபேற்றுக்குத் தக்க பணம் என்னும் இம்முறை பின்னர் இலங்கைக்கும் வந்தது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டு, அதனையடுத்து உதவி நன்கொடைப் பள்ளிகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றின்படி பணம் வழங்கப்பட்டது. வடபகுதி மிசன் பள்ளிகள் அதனாற் பெரிதும் பயனடைந்தன, பள்ளிகளும் பெருகின. ஆயின் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஒரு விலை எழுதப்பட்டதாயிற்று. தேறக்கூடியவன் பள்ளிக்கு வருவாய். தேறாதவன் பள்ளிக்கு நட்டம். பள்ளிப் பரிசோதகராயிருந்த மத்தியூ ஆர்னல்ட் என்னும் ஆங்கிலப் புலவர், இம்முறை கற்பித்தலைப் பொறிபோன்ற செயலாக்கிவிட்டது என்று விடாது கண்டித்தார். லண்டன் பள்ளிச் சபையோ ஆண்டு முழுவதும் தவறாது வந்த பிள்ளைகளுக்குப் பதக்கம் வழங்கியது. காய்ச்சலிற் படுத்த பிள்ளைக்கும், காலணியில்லாத பிள்ளைக்கும் அது எட்டாத பதக்கம்.

இத்தனைக்கும் நடுவில், மானிப்பாயிலேயே இன்னொரு கொள்கையும் நிலவியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். உடற்கூறு, இரணவைத்தியம், மகப்பேறு முதலிய துறைகளைத் தமிழாக்கி, தமிழிலேயே கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கி, 1873 இல் நாடு திரும்பினார். அங்கே வகுப்புக்கு ஒழுங்காக வந்தான் என்பதற்காக ஒருவன் வைத்தியன் ஆகிவிட முடியுமா? சத்திரக் கத்தியைப் பிடிக்கும் கைக்கு அறிவு வேண்டும். நோயாளியின் உயிர் அதிலே தங்கியிருக்கின்றது. உடுவிலும் மானிப்பாயும் அண்டை ஊர்கள். ஓரூரில் வந்ததற்காகக் கொடுத்தார்கள். மற்றையூரில் அறிந்தாலன்றிப் பட்டமில்லை. இரண்டும் சரியே. ஏனெனில் இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் பிள்ளைக்குக் கொடுக்கப்படுவன மூவகை என்பது புலனாகும். பிள்ளை வருவதற்கு வேண்டியதைக் கொடுப்பது ஒன்று, அது உதவி. வந்து நின்று முயன்றதைக் கண்டுகொண்டோம் என்று தெரிவிப்பது மற்றொன்று, அது அங்கீகாரம். பிறரினும் சிறப்பாகச் செய்ததற்கு அளிப்பது மூன்றாவது, அதுவே பரிசு. உதவி எல்லார்க்கும் உரியது. அங்கீகாரம் முயன்றார்க்கு உரியது. பரிசு வென்றார்க்கு உரியது. தொல்லை உண்டாவது ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டும்போதே.

அத்தகைய குழப்பத்துக்கு இலங்கையிலே தெளிவான உதாரணம் உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தது. 1980 முதற் பாடநூல்களும் 1993 முதற் சீருடைத் துணியும் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. இவை உதவி, இவற்றைப் பெற்ற பிள்ளையை ஒருவரும் மேடையேற்றவில்லை. ஆயின் வறிய கிராமத்துப் பிள்ளையும் பெரிய கல்லூரியிற் பயில வகைசெய்வதற்காக ஏற்பட்ட புலமைப்பரிசில் என்னாயிற்று? ஐந்தாந்தரத்துப் பிள்ளையின் படத்தைப் பதாகையிற் போட்டுச் சந்தியிலே கட்டும் அளவுக்கு அது வெற்றிச் சின்னமாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை தனியார் வகுப்புக்கும் வீட்டுக்குமாக ஓடுகின்றது. சில புள்ளிகளால் தவறிய பிள்ளை தோற்றவன் என்னும் எண்ணத்தோடு ஆறாந்தரம் செல்கின்றது. உதவியாய்ப் பிறந்தது பரிசாய் மாறியதன் விளைவு இது. எல்லார்க்கும் வெற்றிக்கிண்ணம் என்பதோ இதன் மறுதலை. அங்கே பரிசு உதவியின் வேடத்தைப் பூணுகின்றது.

பரிசு உள்ளத்தில் என்ன செய்கின்றது என்பதை உளநூலார் சோதித்திருக்கின்றனர். 1973 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பள்ளியில், லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்னும் மூவர், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினர். வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று ஒரு பிரிவினருக்கு முன்னரே கூறினர். இன்னொரு பிரிவினருக்குக் கூறாமல், வரைந்த பின்னர் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்திற் பாதியளவே வரைந்தனர். எதிர்பாராமற் பெற்றவர்களிடமோ அத்தகைய தளர்ச்சி இல்லை. வட்டுக்கோட்டை கற்ற பாடத்தைப் பாலர் பள்ளியும் கற்றது எனலாம். 1998 இல் மியூலர், டுவெக் என்னும் இருவர் நடத்திய ஆய்வில், நீ கெட்டிக்காரன் என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களைக் கண்டு பின்வாங்கினர். நன்றாக முயன்றாய் என்று புகழப்பட்டவர்கள் விடாது முயன்றனர்.

இவற்றால், வருகையையும் முயற்சியையும் பாராட்டவே கூடாது என்று முடிவு செய்வது தவறாகும். வருகையே வீரமாகும் காலமும் உண்டு. அதனை மானிப்பாய் மக்கள் தம் வாழ்விற் கண்டவர்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மானிப்பாயாரும் இலட்சக்கணக்கான மக்களோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். பாடசாலைகளே அகதிகளுக்கு வீடாயின. அந்நிலையிலும் மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. கொப்பியில்லாமலும் செருப்பில்லாமலும், முதல்நாள் எங்கே உறங்கினோம் என்பது நினைவில்லாமலும் பிள்ளைகள் வந்தனர். பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்ற அப்பிள்ளைகளின் வரவுக்கு இடாப்பிலே இட்ட ஓர் அடையாளம், எந்த வெற்றிக்கிண்ணத்துக்கும் தாழ்ந்ததன்று. வந்ததற்காக மட்டும் ஒரு பிள்ளைக்குப் பதக்கம் அணிவிப்பது பொருந்துமாயின், அது அங்கே பொருந்தும்.

ஆகையால் வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டல் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இங்கே வருவது எவ்வளவு கடினமாயிருந்தது? முதல் ஆண்டு ஓடத் தொடங்கி இடையில் நின்றவன், இவ்வாண்டு கடைசியாகவேனும் கோட்டைத் தொட்டானாயின், அவனுக்கு நேர்ந்த வளர்ச்சி முதலாவதாக வந்தவனின் வளர்ச்சியினும் பெரிதாயிருக்கலாம். அதனை அறிந்தவர் அவனுடைய ஆசிரியர் ஒருவரே. அச்சகத்தில் நூற்றுக்கணக்கில் அடித்து, பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறிதாக விட்ட சான்றிதழ் அதனை அறியாது. எல்லார்க்கும் ஒரே சொல்லைக் கூறும் தாள், ஒருவரையும் பார்க்கவில்லை என்பதைப் பிள்ளைகள் விரைவிற் கண்டுகொள்கின்றனர். ஆறு வயதில் அதனை மகிழ்ந்து வாங்கும் பிள்ளை, பதினொரு வயதில் மடித்துப் புத்தகத்துள் வைத்து மறந்துவிடுகின்றது. போன முறை நடுவில் நின்றாய், இம்முறை முடித்துவிட்டாய் என்று ஆசிரியர் கூறும் ஒரு வாக்கியத்தையோ அது முதுமைவரை மறப்பதில்லை.

1896 இல் ஏதென்சு நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே பங்குபற்றியோர்க்கு நினைவுப் பதக்கம் வழங்கப்பட்டது. பின்வந்த விழாக்களிலும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அதனால் வென்றவரின் பதக்கம் மதிப்புக் குறையவில்லை. ஒன்று மற்றொன்றாக வேடமிடவில்லை என்பதே அதற்குக் காரணம். வென்றவர்க்கு உரியது வென்றவர்க்கு. வந்தவர்க்கு உரியது வந்தவர்க்கு. பாடசாலைகளும் இவ்வாறு பிரித்துக் கொடுக்கலாம். சிறு பாலர்க்கு ஓடியதற்காக எல்லார்க்கும் ஓர் இனிப்பு. மேல்வகுப்பினர்க்கு வெற்றிக்கு வெற்றிக்கிண்ணம். இடையே நின்று முயன்றவர்க்கு, அவரவர் செய்ததை அவரவர் பெயரோடு குறிக்கும் ஒரு சொல்.

மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயிலிலே சித்திரைப் புத்தாண்டன்று தேர் ஓடும். வடம் பிடிப்போர் ஆயிரவர். முன்னே நின்று முழு வலிமையோடு இழுப்பவரும் உண்டு. தந்தையின் தோளிலிருந்து வடத்தை ஒருமுறை தொட்டுப்பார்க்கும் குழந்தையும் உண்டு. தேர் இருப்பிடம் சேர்ந்தபின் எல்லார் நெற்றியிலும் ஒரே திருநீறு. யார் எவ்வளவு இழுத்தார் என்று எவரும் கேட்பதில்லை. அத்திருநீறு வலிமைக்குப் பரிசன்று என்பதை எல்லாரும் அறிவர். அதனாலேயே வலியவனும் அதனை இழிவாகக் கொள்வதில்லை, குழந்தையும் அதனால் தன்னை வலியவன் என்று எண்ணுவதில்லை. வீடு திரும்பும் வழியில் அக்குழந்தை தந்தையிடம் கூறுவது ஒன்றே: வருகிற வருஷம் நான் நிலத்தில் நின்று இழுப்பேன்.